கையெழுத்து வாங்கியாச்சு... விவரம் சொன்னது யாரு?

தேரடித் தெருவில் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். எந்த ஜாரில் என்ன அரைக்கலாம், மோட்டார் சூடானால் என்ன செய்யணும், ரிப்பேர் ஆனால் எந்த நம்பருக்குப் போன் போடணும்... எல்லாம் அதில் இருக்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள், வாங்கியவர் கடை வாசலில் நின்று சண்டை போடுவார்.

அதே திருவண்ணாமலைக்காரர் சென்னைக்குப் போய், சில லட்சங்கள் செலவு செய்து, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல சமயம் கையில் என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா, 'பத்து நாள் கழிச்சு வாங்க' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சண்டை? ஊஹூம். டாக்டரிடம் எப்படிக் கேட்பது!

மிக்ஸிக்கு இருக்கும் மரியாதை வயிற்றுக்கு இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

2017-ல் திருவண்ணாமலையைச் சேர்ந்த ஒரு பெண், நாற்பதுகளில் இருந்தவர், சுமார் 150 கிலோ எடை. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு இறந்துபோனார். சிகிச்சையில் தவறு என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். பத்திரிகைகளில் வந்தது. ஊரில் சில நாள் டீக்கடைப் பேச்சாக இருந்தது. அப்புறம் கார்த்திகை தீபம் வந்தது, மக்கள் மறந்துவிட்டார்கள்.

2024 ஏப்ரலில் மறுபடியும். புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், அவருக்கும் கிட்டத்தட்ட அதே எடை. சென்னைப் புறநகரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையின்போது நிலைமை மோசமாகி, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. சுகாதாரத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார், அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மறுபடியும் டி.வி. விவாதம். மறுபடியும் மறதி.

இந்த இரண்டிலும் தவறு யாருடையது என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அதற்குக் கமிட்டியும் கோர்ட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கேட்கப்படாமல் போகும் வேறொரு கேள்வி இருக்கிறது. படுக்கப் போகிறவருக்கு என்ன சொல்லப்பட்டது? எழுந்து வீட்டுக்குப் போகிறவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். அது உடம்பின் வடிவத்துக்காகச் செய்வது, உடல் பருமன் நோய்க்கான சிகிச்சை கிடையாது. 2022-ல் பெங்களூருவில் 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் இறந்தது கொழுப்பு நீக்கும் அழகு சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு. இங்கே பேசப்படுவது பேரியாட்ரிக் அறுவை. அதில் இரண்டு வகைகள் அதிகம். ஒன்று, இரைப்பையை நீளவாக்கில் வெட்டி வாழைப்பழம் போல ஒரு குழாயாக ஆக்குவது. 75 முதல் 80 சதவீத இரைப்பை வெளியே போய்விடும், திரும்ப வராது. இதைத்தான் ஸ்லீவ் என்கிறார்கள். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை உண்டாக்கி, சிறுகுடலை நேராக அதோடு இணைப்பது. சாப்பிடும் அளவும் குறையும், சத்து உள்ளே போவதும் குறையும்.

சிகிச்சை மோசமானது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல மையங்களில் செய்தால் இதில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்றுதான் உலக அளவில் சொல்கிறார்கள். பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது, தூக்கத்தில் மூச்சு நிற்பது சரியாகிறது, முழங்கால் வலி குறைகிறது, ஆயுளும் கூடுகிறது. 150 கிலோவோடு வாழ்வதும் ஆபத்துதான். ஆகவே 'ஐயோ ஆபரேஷனா, ஓடு' என்று கத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கமே இல்லை.

ஆனால் நல்ல சிகிச்சை என்பதாலேயே அரைகுறை விவரத்தோடு விற்றுவிடலாமா?

சம்மதம் என்றால் என்ன?

பி.காம்.-இல் வணிகச் சட்டத்தில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இது ஞாபகம் இருக்கும். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 13. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் புரிந்துகொண்டு ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். ஒருவர் 'இரைப்பையில் முக்கால் பங்கை நிரந்தரமாக நீக்குகிறோம், ஆயுள் முழுக்க மாத்திரை, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை' என்று மனதில் வைத்திருக்கிறார். எதிரில் இருப்பவர் 'சின்ன ஓட்டை போட்டுச் செய்வாங்களாம், மூணு நாள்ல வீட்டுக்கு, ஆறு மாசத்துல நாப்பது கிலோ குறையுமாம்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இது ஒரே விஷயமா? ஒரே அர்த்தமா? மளிகைக் கடைக் கணக்கிலேயே செல்லாத சம்மதம் ஆபரேஷன் தியேட்டரில் எப்படிச் செல்லும்?

உச்ச நீதிமன்றம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 2008 ஜனவரியில் வந்த சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவரைக் கேட்காமல், வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அது சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும்... இவ்வளவும் நோயாளி தானே யோசித்து முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லப்பட வேண்டும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் அபூர்வ ஆபத்தையெல்லாம் பட்டியல் போட வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு டாக்டர்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. நியாயமான தீர்ப்புதான்.

நடப்பது என்ன? முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு நர்ஸ் வருகிறார். ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கம். 'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ரெண்டு.' முடிந்தது! பணம் கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தாச்சு. அந்த நேரத்தில் 'கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டுத் தரேன்' என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தப் பேப்பர் நோயாளியைக் காப்பாற்றுவதற்கு வந்ததில்லை. நாளைக்குக் கேஸ் வந்தால் மருத்துவமனையைக் காப்பாற்றுவதற்கு வந்தது.

வேறு வழி உண்டா என்று சொல்வதும் சம்மதத்தில் ஒரு பகுதி. 2025-ல் மவுன்ஜாரோ, வீகோவி என்று எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கும் பக்க விளைவு உண்டு, விலையும் அதிகம். நிறுத்தினால் எடை திரும்புவதும் உண்டு. ஆனாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று அறுவை சிகிச்சை விற்கிறவர் சொல்லியாக வேண்டும்.

190 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு ராத்திரி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்தாயிற்று. சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி வழியாக பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவே ஒரு மணி நேரம்.

ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணி. நாடித்துடிப்பு படபட என்று 120-க்கு மேல். லேசாகக் காய்ச்சல். வயிற்று வலி, இடது தோளிலும் வலி. மூச்சு வாங்குகிறது. 'ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும், காலைல பார்த்துக்கலாம்' என்பார் வீட்டில் பெரியவர். ஆனால் இவை தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்ததாகவும் இருக்கலாம். காலை வரை காத்திருந்தால் விஷயம் கைமீறிப் போகும். இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்து நோயாளி கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு ரூபாய்?

108-க்குப் போன் செய்தால் பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள். திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே ராத்திரி டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு உள்ளே எதை வெட்டினார்கள், எதை எதோடு தைத்தார்கள் என்று யார் சொல்வது? ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ரிசப்ஷன் நம்பர் 'காலை ஒன்பது மணிக்கு மேல் அழைக்கவும்' என்று பாடும்.

இன்னொரு காட்சி. ஒரு மாதம் ஆகிறது. எது சாப்பிட்டாலும் வாந்தி. இரண்டு வாரமாக நிற்கவில்லை. தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார்கள். நம் ஊர் வழக்கம் தெரியுமே... 'டாக்டர், ரொம்ப டயர்டா இருக்கா, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க!'

அங்கேதான் கண்ணி இருக்கிறது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். கண் ஆடும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். வெர்னிக்கே என்று பெயர். சில சமயம் நிரந்தரமான பாதிப்பு. முதலில் தயமின் ஊசி, அப்புறம் குளுக்கோஸ். இதுதான் முறை, மருந்தும் விலை அதிகமில்லாதது. ஆனால் கிளினிக் டாக்டருக்கு 'இவர் பேரியாட்ரிக் நோயாளி' என்றே தெரியாது. ஏன் தெரியாது? நோயாளி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதே கதைதான் வலி ஊசிக்கும். மூட்டு வலி என்று போனால் டைக்ளோஃபினாக். பைபாஸ் செய்தவருக்கு அந்த வகை மருந்து இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவருக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே தேவை குறைந்துவிடும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். பெண்கள் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பார்கள். இதைப் புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதுமா? 'விசேஷம் ஏதாவது உண்டா' என்று மாதா மாதம் கேட்கும் மாமியாரிடமும் யாராவது சொல்ல வேண்டாமா?

2014 செப்டம்பரில் அன்றைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி டெல்லியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்த அறுவை செய்துகொண்டார். பிறகு சிக்கல் வந்து எய்ம்ஸில் சேர்க்கப்பட்டார். நாட்டின் பட்ஜெட் போடுகிறவருக்கே பிற்பாடு கவனிப்பு தேவைப்பட்டது. அவருக்குக் கூப்பிடு தூரத்தில் எய்ம்ஸ் இருந்தது. திருவண்ணாமலை ஜவுளிக்கடை ஊழியருக்கு என்ன இருக்கிறது?

பேக்கேஜில் இல்லாத நாற்பது வருடம்

விளம்பரத்தில் விலை போடுகிறார்கள், இ.எம்.ஐ. உண்டு என்கிறார்கள். அந்த விலையில் எது இருக்கிறது? ஆபரேஷன், மூன்று நாள் அறை, ஒன்றிரண்டு செக்கப். எது இல்லை? பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி... ஆயுள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் சில முறை, பிறகு வருடா வருடம். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம். சைவம் சாப்பிடும் வீட்டில் இது சும்மா வராது. பாசிப்பருப்பு, பனீர், சுண்டல், மோர் என்று கணக்குப் போட்டுச் சொல்லித்தர ஓர் உணவியல் நிபுணர் வேண்டும். பவுடர் டப்பாவை நீட்டுவது பதிலாகாது. முடி கொட்டும், தோல் தொங்கும், பித்தப்பையில் கல் வரலாம். சில வருடம் கழித்து எடை கொஞ்சம் திரும்பவும் செய்யலாம்.

கணக்குப் பாடத்தின் பாலபாடம்: இந்த வருட வருமானத்துக்கு எதிராக வரப்போகும் செலவுக்கு ஒதுக்கீடு காட்டு. அப்படிக் காட்டாத கம்பெனியின் லாபத்தை எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். இங்கே வருமானம் முதல் நாளே மருத்துவமனைக் கணக்கில் வரவு. செலவு நாற்பது வருடத்துக்கு நோயாளி பெயரில் பற்று. அந்தப் பற்றுப் பக்கத்தைக் காட்டாமல் விலை சொல்வது பாதி பேலன்ஸ் ஷீட்டைக் காட்டுவது.

பிரிட்டனில் 2014-லேயே நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. குறைந்தது இரண்டு வருடம் அறுவை செய்த மையமே பார்க்க வேண்டும், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறையாவது, உள்ளூர் டாக்டரோடு சேர்ந்து. உள்ளூர் டாக்டரோடு சேர்ந்து! இந்த ஒரு வரிதான் திருவண்ணாமலைக்கு வேண்டியது.

வழக்கமாக வரும் மூன்று பதில்கள்

ஒன்று: 'எல்லாத்தையும் சொன்னா பயந்து ஓடிடுவாங்க.' அப்படியானால் சொல்லாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். தவிர, விவரம் தெரிந்து வருகிறவர்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், செக்கப்புக்கும் வருவார்.

இரண்டு: 'சொல்றோம், அவங்களுக்குப் புரியறதில்லை.' தினமும் சீட்டு, வட்டி, அடகுக் கணக்கு எல்லாம் மனதிலேயே போடும் ஜனங்கள். தமிழில், படம் போட்டு, இரண்டு வாரம் முன்னாடியே கொடுத்து, மறுபடி அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், புரிகிறதா இல்லையா என்று.

மூன்று: 'டிஸ்சார்ஜுக்கு அப்புறம் அவங்கதான் வர்றதில்லை, வாயைக் கட்டறதில்லை.' இதுதான் ரொம்பக் கொடுமை. ஒரு நாள் செக்கப் என்றால் போக வர பஸ், ஒரு நாள் சம்பளம், கூட ஒருவர். வராததற்கு இதெல்லாம் காரணமாக இருக்கும் என்று யோசிக்காமல் ஒழுக்கக் கேடு என்று முத்திரை குத்துவது அநியாயம்.

அந்த முத்திரை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. குண்டாக இருப்பவரைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று தமிழ் சினிமா காமெடி டிராக் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஸ்கூலில் பட்டப்பெயர், கல்லூரியில் கிண்டல், பெண் பார்க்க வந்த இடத்தில் முணுமுணுப்பு. அந்த அவமானத்தில் இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார். எப்படியாவது குறைந்தால் போதும் என்று எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுவார். செய்துகொண்டதையும் சொந்தக்காரர்களிடம் மறைப்பார். மறைத்தால் ராத்திரி இரண்டு மணிக்குத் துணைக்கு வர ஆள் ஏது? கிண்டல் அடிக்கும் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்த்துத்தான்.

என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். தமிழில் ஒரு கையேடு, அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே. விலையோடு சேர்த்து ஐந்து வருடப் பராமரிப்புச் செலவு. 24 மணி நேரமும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பர். பர்ஸில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை: 'எனக்கு இன்ன தேதியில் இன்ன அறுவை, வாந்தி நீடித்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின், இந்த வலி மருந்துகள் வேண்டாம், என் சர்ஜன் நம்பர் இது.' மாவட்ட மருத்துவமனை டாக்டருக்கு ஒரு கடிதம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பட்டியலில் இந்த நோயாளிகளையும் சேர்த்தால் என்ன? மாநிலத்தில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. பதிவு கொடுக்கும்போதே 'பின்கவனிப்பு ஏற்பாடு என்ன?' என்று ஒரு கேள்வி சேர்க்க முடியாதா?

அதுவரை நோயாளிகளே கேட்க வேண்டியதுதான். எந்த வகை அறுவை, எனக்கு ஏன் அது? வேறு வழி என்ன? ஐ.சி.யூ. இங்கேயே இருக்கிறதா? ஊருக்குப் போனபின் ராத்திரியில் யாரைக் கூப்பிட? வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்? பதில் சொல்ல எரிச்சல்படும் இடத்தில் வயிற்றைக் கொடுக்காதீர்கள். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்தின் கீழ்தான் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. கேட்பது உரிமை, யாருடைய தயவும் இல்லை.

மலை சுற்றுகிறவருக்கு 14 கிலோமீட்டர் வழி நெடுக தண்ணீர்ப் பந்தல், முதலுதவிக் கூடாரம், ஆம்புலன்ஸ் என்று ஊரே ஏற்பாடு செய்கிறது. ஒரு ராத்திரி நடைக்கு இவ்வளவு. ஆயுள் முழுக்க நடக்க வேண்டியவரை மட்டும் முதல் லிங்கத்திலேயே விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்?

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. மருந்து, மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேளுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மொத்தக் கருத்தும்!